331 ஆல் வகுத்தபோது வந்த மீதி

மகன்,

நீ கொழும்பிலிருந்து அனுப்பிய உறை செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கையெழுத்துப் போடவேண்டிய மூன்று இடங்களிலும் மஞ்சள் துண்டு ஒட்டி, பென்சிலால் அம்புக்குறியும் போட்டிருக்கிறாய். உன் அப்பா இறந்துவிட்டார் என்று நான் ஒப்புக்கொண்டு, அதைப் பதியும்படி கேட்கும் விண்ணப்பம் அது. நீயும் ஷாமினியும் போகப்போகிற நாட்டின் விசாப் படிவத்தில் தகப்பனுக்கு இரண்டு பெட்டிகள்தான் இருக்கின்றன என்று தொலைபேசியில் சொன்னாய். ஒன்று உயிருடன் இருக்கிறார், மற்றது இறந்துவிட்டார். காணாமற்போனவர் என்று எழுதினால் மாதக்கணக்கில் இழுபடும் என்று ஏஜென்ட் சொன்னாராம். “ஒரு சைன்தானே அம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள தாங்கோ” என்றாய். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அதற்குப் பதில். இதை நான் ஒட்டி மூடி அனுப்பவில்லை. காணாமற்போனவர்களைப் பதியும் அரசாங்கக் கந்தோரின் வாங்கில் என்னோடு குந்தியிருந்த பெண்களுக்கும் ஒரு பிரதி கொடுக்கிறேன். அவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

உனக்குத் தெரிந்ததை அவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். உன் அப்பா திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையே ஓடிய லோஞ்ச் என்ற பயணிகள் படகில் மெக்கானிக். ஒரு காலை, முதல் லோஞ்ச் வெளிக்கிடுவதற்கு முன் எஞ்சினைப் பார்க்கவேண்டும் என்று சைக்கிளில் போனார். சைக்கிள் ஜெட்டிக்குப் பக்கத்து மதிலில் பூட்டியபடி நின்றது. திறப்பு அவரிடம் இருந்தது. வாகனம் ஒன்றருகே நின்று அவர் யாருடனோ கதைத்ததை இரண்டு பேர் கண்டார்கள். யாருடன் என்று அவர்கள் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் அந்த மதிலில் நிற்பது அவர்களுடைய சைக்கிளாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்போது நீ ஆண்டு இரண்டில் படித்தாய். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பா எங்கே என்று கேட்கவில்லை. சைக்கிளை ஏன் தோளில் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டாய்.

அதற்குப் பிறகு நான் ஏறாத கந்தோர் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம் தந்தார்கள். பெயரைக் கேட்டு, எழுதி, பெயரை வைத்துக்கொண்டு இலக்கத்தைத் தருவார்கள். நான் பத்தாம் பதினோராம் ஆண்டுகளுக்குக் கணிதம் படிப்பித்தவள். வாங்கில் மணிக்கணக்காக இருக்கும்போது கை சும்மா இராது. தந்த இலக்கத்தை அந்தத் துண்டுத்தாளின் பின்பக்கத்தில் காரணிகளாக உடைப்பேன். 1428 என்று ஒன்று தந்தார்கள். இரண்டு, இரண்டு, மூன்று, ஏழு, பதினேழு. வேறொன்று, இன்னொன்று, எல்லாமே உடைந்தன. முதலில் அது பொழுதுபோக்கு. பிறகு பயம் வந்தது. அவருக்கென்று தருகிற எல்லாம் உடைகிறதே என்று ஒரு எண்ணம் வந்து, போகமாட்டேன் என்றது. நான் பக்திக்காரி இல்லை. ஞாயிறு பூசைக்கும் கடமைக்காகப் போகிறவள். எண்ணுக்கு முன்னால்தான் எனக்கு மூடநம்பிக்கை வந்தது.

நீ ஆண்டு எட்டில் படிக்கும்போது அந்தக் கந்தோர்களில் ஒன்றில் எல்லாவற்றையும் கம்பியூட்டரில் ஏற்றுகிறோம் என்று கூப்பிட்டார்கள். புதுத் துண்டு தந்தார்கள். அதில் அவருக்கு இருந்த இலக்கம் 2147483647. வீட்டுக்கு வருகிற வழியிலேயே, பஸ்ஸில், இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று வரை மனத்தால் வகுத்தேன். உடையவில்லை. வீட்டுக்கு வந்து ஐம்பது வரை போனேன். உடையவில்லை. அன்று நான் செய்ததுதான் முதல் பிழை. குசினி மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த உன்னிடம் துண்டை நீட்டி, “இது உடையாட்டி அப்பா இருக்கிறார்” என்று சொன்னேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லும் கதையா அது? நீ சிரிக்கவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. “எதுவரைக்கும் வகுக்கவேணும்?” என்று கேட்டாய்.

ஒரு எண் முதன்மை எண்தானா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரை உள்ள முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். ஒன்றுக்காவது மீதி பூச்சியம் வந்தால் எண் உடைந்தது. ஒன்றுக்கும் வராவிட்டால் முதன்மை எண். இதற்கு நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று நாற்பது வரை போகவேண்டும். கிட்டத்தட்ட ஐயாயிரம் வகுத்தல்கள். கல்குலேட்டர் வேண்டாம், கையால்தான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஒற்றை நாள் எனக்கு, இரட்டை நாள் உனக்கு, நாளுக்குப் பத்து. கொப்பியில் இடப்பக்கம் வகுத்தல், வலப்பக்கம் மீதி. முதல் வாரத்திலேயே நீ ஒன்றைக் கண்டுபிடித்தாய். “அம்மா, ஏழுக்கு மீதி ஒண்டு. பதினொண்டுக்கும் ஒண்டு. முப்பத்தொண்டுக்கும் ஒண்டு.” நூற்றைம்பத்தொன்றுக்கு வந்தபோது பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். “இதுக்கும் ஒண்டுதான். ஒராள் மிஞ்சிக்கொண்டே இருக்கிறார் அம்மா.” வெயில் நேரம். குசினிக் கதவு திறந்திருந்தது. அப்படியிருந்தும் எனக்குக் கழுத்து குளிர்ந்தது.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு என் முறை வந்த ஒரு நாள். பள்ளிக்கூடத்தில் ஒரு ஓய்வுப் பாடவேளையில், ஆசிரியர் அறையில் இருந்து முந்நூற்று முப்பத்தொன்றால் வகுத்தேன். ஈவு 6487866. மீதி பூச்சியம். எண் உடைந்தது. பக்கத்துக் கதிரையில் சமூகக்கல்வி ரீச்சர் யாருடையதோ கலியாண அல்பத்தைப் பார்த்து, சீலை நிறம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டு, நல்ல நிறம்தானே என்று பதில் சொன்னேன். விடையைப் பெருக்கிச் சரிபார் என்று எத்தனை நூறு பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன். நான் பெருக்கிப் பார்க்கவில்லை. ஏன் என்று பிறகு பல தடவை என்னைக் கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், களைத்துப்போயிருந்தேன். யாராவது ஒருவர் முடிந்தது என்று சொன்னால் போதும் என்றிருந்தது. யாரும் சொல்லவில்லை. ஒரு வகுத்தல் சொன்னது. அந்தப் பூச்சியத்தைக் கண்டதும் எனக்கு அழுகை வரவில்லை. ஆறுதலாக இருந்தது. அதைத்தான் உன்னிடம் இத்தனை வருடம் மறைத்தேன்.

வலப்பக்கத்தில் மீதி எழுதவேண்டிய இடத்தில் ‘உடையவில்லை’ என்று எழுதிவிட்டுக் கொப்பியை உன்னிடம் தந்தேன். நீ தொடர்ந்து வகுத்தாய். நான் தடுக்கவில்லை. என் முறை நாட்களில் நான் வகுக்கவே இல்லை. மனதில் வந்த எண்களை மீதி என்று எழுதினேன். நீ எட்டாயிரத்தைத் தாண்டும்வரை, மாதக்கணக்காக, உன் நாட்கள் உண்மை, என் நாட்கள் பொய். பிறகு உனக்குக் கிரிக்கெட் வந்தது, நண்பர்கள் வந்தார்கள். கொப்பி அலுமாரிக்குள் போனது. உடையவில்லை என்ற நம்பிக்கையோடு நீ வளரட்டும், செத்தவருக்காக அழுவதை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அதைத் தியாகம் என்றும் நினைத்தேன். வெட்கக்கேடு.

இதோடு நின்றிருந்தால் இது என் மனதுக்குள் நடந்த பைத்தியமாக முடிந்திருக்கும். நிற்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு முன்னால் காணாமற்போனவர்களின் படங்களோடு குந்தியிருந்த பெண்களிடம் போவதை நிறுத்தினேன். முழங்கால் வருத்தம் என்றேன். விசாரணைக்குக் கூப்பிட்டவர்களிடம் முன்பு மேசையில் அடித்துக் கதைத்தவள், கேட்டதற்கு மட்டும் தலையாட்டிவிட்டு வந்தேன். நீ ஓ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, சாம்பல்தீவுப் பாக்கியம் அக்கா வீடு தேடி வந்தார். அவருடைய இளைய மகனும் காணாமற்போனவன்தான். படலைக்கு வெளியே நின்றபடி சொன்னார்: “ரீச்சர், கட்டைபறிச்சானில பிடிச்சு வச்சிருந்த ஒராள் விடுபட்டு வந்திருக்கிறார். உள்ளுக்க லோஞ்ச் ஆள் ஒருத்தர் இருந்தவராம். போய்க் கேளுங்கோ.” நான் பாப்பம் என்றேன். “என்னத்தைப் பாக்கிறது, ஒரு பஸ்தானே” என்றார். நான் போகவில்லை. உனக்குச் சோதனை என்று எனக்கே ஒரு சாட்டுச் சொன்னேன். செத்தவரைப் பற்றி என்ன கேட்பது? என்னிடம்தான் கணக்கு இருந்ததே.

இந்த வருடம், கம்பியூட்டரில் ஏற்றிய அந்தக் கந்தோர் மறுபடி கூப்பிட்டது. முன்பெல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். துண்டை யாரும் யாருக்கும் காட்டுவதில்லை. பிளாஸ்டிக் உறைக்குள், அடையாள அட்டையோடும் செபமாலையோடும் மடித்து வைத்திருப்போம். இப்போது புதிதாக வந்த கிளாக்கர் பெடியன் இலக்கம் சொல்லிக் கூப்பிட்டான். “இரண்டு ஒன்று நான்கு ஏழு, நான்கு எட்டு மூன்று, ஆறு நான்கு ஏழு.” நான் எழும்பினேன். முன் வாங்கில் மூதூர் ரஹீமா எழும்பினார். அவருடைய மூத்த மகன் கடைக்குச் சாமான் எடுக்க வந்து திரும்பாதவன். பின்னால் பாக்கியம் அக்கா எழும்பும் சத்தம் கேட்டது. பிறகு சுவரோரமாக ஒருவர். யன்னல் பக்கத்தில் ஒருவர். வாங்குகள் இழுபடும் சத்தம் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. பெடியன் தாளிலிருந்து தலையைத் தூக்கியபோது மண்டபத்தில் பாதிப்பேர் நின்றுகொண்டிருந்தோம்.

“ஒராள் வாங்கோ” என்றான்.

“அது என்ட மகன்ட நம்பர் தம்பி” என்றார் ரஹீமா.

“என்ட அவர்ட நம்பர்” என்றேன் நான்.

“ரெண்டு பேருக்கு ஒரு நம்பர் வராது அம்மா. சரியாப் பாருங்கோ.”

“நாங்க பாக்காத பார்வையா? பாத்துப் பாத்துத் தாள் கிழிஞ்சு போச்சு. நீங்க பாருங்க.” ரஹீமா தன் துண்டை அவன் மேசையில் வைத்தார். நான் என்னுடையதை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். பாக்கியம் அக்கா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடையதை வேறொருவர் வாங்கி வைத்தார். மேசை நிறைந்தது. எல்லாம் ஒரே எண். பெடியன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

நல்ல பெடியன். மறைக்கத் தெரியாதவன். திரையை எங்கள் பக்கம் திருப்பினான். சோதித்துப் பார்ப்போம் என்று என் கோப்பைத் திறந்து, பழைய விலாசத்தை அழித்துவிட்டு நம் இப்போதைய வீட்டு விலாசத்தை அடித்தான். பிறகு ரஹீமாவின் மகனின் கோப்பைத் திறந்தான். அதிலும் நம் வீட்டு விலாசம். பாக்கியம் அக்காவின் மகனுக்கும் அதுதான். எண்ணிப் பார்த்தான். நாற்பத்து மூன்று பேர். அதுவும் முதன்மை எண்தான். இனி நான் அதை அறிகுறி என்று எடுக்கமாட்டேன். பழையபடி மாற்ற முயன்றான். இன்னொரு விலாசத்தை அடித்தால் எல்லாரும் ஒன்றாக அங்கே போனார்கள். கடைசியில் நம் விலாசத்திலேயே விட்டுவிட்டான். கந்தோர்க் கணக்கின்படி, இந்தக் குடாவைச் சுற்றிக் காணாமற்போன நாற்பத்து மூன்று ஆண்கள் இப்போது நம் வீட்டில் இருக்கிறார்கள். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பேர் இருந்தும் சத்தமில்லை என்றுதான் மனம் சொன்னது.

கந்தோரிலிருந்து வெளிக்கிடும் முன், உன் விசா அலுவலை நினைத்து அவனிடம் ஒன்று கேட்டிருந்தேன். “தம்பி, ஒராள் மரணச் சான்றிதழ் கொண்டுவந்து தந்தா என்ன செய்வீங்கள்?”

“அந்த நம்பருக்கு முடிஞ்சது எண்டு அடிப்பம். பிறகு தேடமாட்டினம்.”

“இந்த நம்பருக்கு அடிச்சா?”

அவன் திரையைப் பார்த்தான். “நாப்பத்திமூண்டும் முடியும்.”

“திருத்த ஏலாதா?”

“மேலிடத்துக்கு எழுதியிருக்கு அம்மா. இதைச் செய்த கொம்பனி இப்ப இல்லையாம்.”

அன்று உனக்குத் தொலைபேசி எடுத்தேன். விசா அலுவலைப் பற்றிக் கதைக்க என்று நினைத்திருப்பாய். நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரே எண் என்று நான் சொன்னேன். நீ சொன்னாய்: “எனக்குக் கம்பஸ் முதல் வருசமே தெரியும் அம்மா. அது பெட்டி நிரம்பினா வாற நம்பர்.” கம்பியூட்டர் ஒரு எண்ணை வைக்க முப்பத்திரண்டு சுவிச் உள்ள பெட்டி வைத்திருக்கும், ஒன்று கூட்டலா கழித்தலா என்று சொல்ல, மற்ற முப்பத்தொன்றையும் போட்டுவிட்டால் வருவது இந்த எண், இதைவிடப் பெரியதைத் திணித்தால் சில கம்பியூட்டர் கொள்ளவில்லை என்று சொல்லாமல் இதையே எழுதிவிட்டுப் போகும் என்று விளங்கப்படுத்தினாய். எங்கள் கோப்பு இலக்கங்கள் பன்னிரண்டு இலக்கம் நீளமாக இருந்திருக்கும் என்றாய். “அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?” என்று கேட்டேன். “நீங்கள் உடையாது எண்டு நம்பிக்கொண்டு இருந்தனீங்கள். அது முதன்மை எண்தான் அம்மா, உலகத்துக்கே தெரிஞ்சது. உடையாது. நம்பட்டும் எண்டு விட்டனான்.”

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். நீ கோபம் என்று நினைத்தாய். கோபம் இல்லை. உடையாது என்று நீ சொன்னதுதான் காரணம். பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக நான் உடைந்தது என்றிருந்தேன். என் நம்பிக்கை கெடக்கூடாது என்று நீ மறைத்தாய். உன் நம்பிக்கை கெடக்கூடாது என்று நான் மறைத்தேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே எண்ணின் மேல் படுத்துக் கிடந்தோம்.

மேசையில் இருந்து அந்த எண்ணுக்கு ஒன்றைக் கூட்டினேன். இரண்டால் வகுத்தேன். மறுபடி இரண்டால். ஒரு தடவையும் மீதி வரவில்லை. முப்பத்தொரு தடவை பாதியாகிப் பாதியாகி ஒன்றில் வந்து நின்றது. எழுந்தமானமாக ஒரு மனிதனுக்குத் தருகிற இலக்கம் இப்படி இராது. உன் கதை உண்மை. முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்த இப்படியான எண்ணுக்குக் காரணி இருக்குமானால் அது சும்மா ஏதோ ஒரு எண்ணாக இருக்க முடியாது. முப்பத்தொன்றின் இருமடங்கான அறுபத்திரண்டால் வகுத்தால் மீதி ஒன்று வருகிற எண்ணாகத்தான் இருக்கவேண்டும். கண்பார்வை போய்க்கொண்டிருந்த ஒரு பழைய காலத்துக் கணிதர் அப்படி வடித்து, நானூறுக்கும் குறைந்த வகுத்தலில் இந்த எண் முதன்மை என்று கையாலேயே காட்டினாராம். முந்நூற்று முப்பத்தொன்றை அறுபத்திரண்டால் வகுத்தால் மீதி இருபத்தொன்று. அது சந்தேகிக்கவே தேவையில்லாத எண். அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தேன். கடைசி அடியில் 198 மிஞ்சி, ஏழை இறக்கி, 1987 என்று எழுதியிருக்கவேண்டும். நான் 1986 என்று எழுதியிருந்தேன். அதிலிருந்து 1986 ஐக் கழித்துப் பூச்சியம் போட்டிருந்தேன். ஈவு ஆறில் முடிகிறது, வகுத்த எண் ஒன்றில் முடிகிறது. பெருக்கினால் ஆறில்தான் முடியும், ஏழில் அல்ல. மூன்றாம் ஆண்டுப் பிள்ளை கண்டுபிடிக்கும். மீதி ஒன்று. ஏழுக்கும், பதினொன்றுக்கும், முப்பத்தொன்றுக்கும், நூற்றைம்பத்தொன்றுக்கும் வந்த அதே ஒன்று இதற்கும் வந்திருக்கிறது. மிஞ்சி நின்ற அந்த ஒராளை நான் என் பென்சிலால் இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

எண்ணுக்கும் உன் அப்பாவின் உயிருக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அது எனக்குத் தெரியும். பெட்டி சின்னது, எண் பெரியது, அவ்வளவுதான். ஆனால் நான் கட்டைபறிச்சானுக்குப் போகாததற்கும் அந்தப் பூச்சியத்துக்கும் தொடர்பு இருக்கிறது. மறுநாள் காலை பஸ் ஏறினேன். அந்த மனிதரின் வீட்டு முற்றத்தில் அவருடைய மனைவி பாயில் நெல் காயவைத்துக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் காலை நிறுத்தினார். “அவர் செத்து நாலு வருசம். நீங்கள் வருவீங்கள் எண்டு கன காலம் பாத்துக்கொண்டு இருந்தவர்” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உட்கார வைத்துத் தேநீர் தந்தார்.

“இவர் உங்கட அவர்ட முகம் கண்டதில்லையாம். சுவருக்கு அங்கால இருந்தவராம். விடிய லோஞ்ச் வெளிக்கிட்டா சத்தத்தைக் கேட்டிட்டு ஏசுவாராம். ‘உதில மூண்டாவது சிலிண்டர் இழுக்குதில்ல, ஒருத்தனும் பாக்கிறானில்ல, நடுக்கடலில நிண்டாத்தான் தெரியும்’ எண்டு. அந்த இடத்திலயும் எல்லாரும் சிரிப்பினமாம்.”

உன் அப்பாவின் வாயே அதுதான். இந்த ஏச்சை நான் நம் குசினியில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். “எவ்வளவு காலம் அப்பிடி?” என்று கேட்டேன். “ரெண்டு மாரி எண்டு சொன்னவர். பிறகு இவரை வேற இடத்துக்கு மாத்தினவை.” எந்த இடம் என்று கேட்டேன். “இடம் சொல்லமாட்டார். சாகும்வரைக்கும் பயம். கடல் கேட்கும் எண்டு மட்டும் சொல்லுவார்.”

யோசித்துப் பார் மகன். அந்தக் காலத்தில் முதல் லோஞ்ச் வெளிக்கிடும் சத்தம் நம் வீட்டுக்கும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவேன். இரண்டு மாரிகாலம், அதே எஞ்சினை, அதே விடியலில், நாங்கள் மூன்று பேரும் கேட்டிருக்கிறோம். அவ்வளவு கிட்ட. பிறகு பாலங்கள் வந்தன, லோஞ்ச் நின்றது. அந்தச் சத்தம் நின்ற அன்று அவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த மனிதர் வந்த காலத்திலேயே நான் போயிருந்தால், சுவர் எப்படி, வழி எப்படி, வேறு யார் இருந்தார்கள் என்று நூறு கேள்வி கேட்டிருப்பேன். அவர் பதில் சொல்லியிருப்பார். சொல்வதற்காகக் காத்திருந்தவர்.

நேற்று ரஹீமாவிடம் உன் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். நான் கையெழுத்துப் போட்டால் கந்தோரில் அவருடைய மகனும் முடிந்துவிடுவான் என்று அவருக்கு விளங்கியது. கொஞ்ச நேரம் சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, “போடுங்க ரீச்சர்” என்றார். “உங்கட மகன் இரிக்கிற புள்ள. அவன் போகட்டும். என்ட புள்ள கடதாசியில செத்தா உண்மையாச் செத்துப்போவானா?” பாக்கியம் அக்காவிடமும் கேட்டேன். அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். ஒருவர் விட்டுத்தர, ஒருவர் வாய் திறக்க முடியாமல் எழும்பிப் போக, மிச்ச நாற்பது பேரின் வீட்டில் யாரிடமும் கேட்காமல் நான் எப்படிப் போடுவது? இந்த நாட்டில் மின்சாரப் பில் ஒரு மாதமாவது பக்கத்து வீட்டுக்கு மாறி வந்திருக்கிறதா? வராது. மின்சாரக்காரருக்குப் பெட்டியைப் பெரிதாகச் செய்திருக்கிறார்கள். எங்கள் பெட்டியைச் செய்தவனுக்கு அளந்து பார்க்க நேரமில்லை. வருடக்கணக்காக யாரும் கவனிக்கவும் இல்லை, ஏனென்றால் அதைத் திறந்து பார்க்கிற ஒருவரும் இல்லை. நீ கம்பியூட்டர் வேலைக்குத்தான் போகிறாய். எந்த ஊரில் எந்தப் பெட்டி செய்தாலும், இதற்குள் கொள்ளாதவர்கள் யார் என்று முதலில் கேள். அதைக் கேட்காத கெட்டிக்காரத்தனம் எனக்கு வேண்டாம். இன்னொன்று, ஷாமினியிடம் இரக்கப்பட்டு எதையும் மறைக்காதே. இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் இரக்கத்தால் செய்தது என்ன என்று பார்த்தாய்.

நான் கையெழுத்துப் போடவில்லை. ரஹீமாவுக்காக மட்டுமல்ல. அந்த எண் எனக்கு மட்டும் உரியதாக இருந்திருந்தாலும் போட்டிருக்கமாட்டேன். ஒரு தடவை சரிபார்க்காமல் அவரை முடித்திருக்கிறேன், இரண்டாம் தடவை ஏலாது. விண்ணப்பத்தை வெறுமையாகவே திருப்பி அனுப்புகிறேன். கூடவே ஒரு சத்தியக் கடதாசி வைத்திருக்கிறேன், சமாதான நீதவான் ஒருவரிடம் ஒப்பம் வாங்கியது. எந்த இடத்தில் கடைசியாகக் கண்டார்கள், அதற்குப் பிறகு இரண்டு மாரி அவர் குரலை யார் கேட்டார், அந்தப் பெண் எனக்கு என்ன சொன்னார், எல்லாம் அதில் இருக்கிறது. உன் விசாப் படிவத்தில் பெட்டி இரண்டையும் விட்டுவிட்டு இதை இணை. பிந்தும். ஷாமினி வீட்டார் முகம் சுளிப்பார்கள். நீ என்னோடு சண்டை பிடி, நான் வாங்கிக்கொள்கிறேன். அந்த நாட்டு அதிகாரி உன்னைக் கூப்பிட்டு இருத்தி, உங்கள் தகப்பன் எங்கே என்று கேட்கலாம். கேட்டால் தெரியாது என்று நேரே பார்த்துச் சொல். இத்தனை கந்தோர்களும் என்னிடம் இலக்கம் கேட்டன, பிரதி கேட்டன, விலாசம் கேட்டன. உன் அப்பா எங்கே என்று கேட்ட முதல் அரசாங்க ஆள் அந்த அதிகாரியாகத்தான் இருப்பார்.

அம்மா